அரை மைல் ஆழத்திலிருந்து ஒரு குரல்

1934 ஆகஸ்ட் 15ஆம் தேதி, பெர்முடா தீவுகளை ஒட்டிய அட்லாண்டிக் கடலில், 3,028 அடி ஆழத்தில் ஓர் உருக்குக் கோளம் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர் காலை மடக்கி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் 57 வயதான வில்லியம் பீபி. மற்றவர் அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான ஓட்டிஸ் பார்ட்டன். மீட்டர் கணக்கில் அந்த ஆழம் 923. அதுவரை அங்கே போய் உயிரோடு திரும்பியவர்கள் யாரும் இல்லை. அந்தச் சாதனை 15 ஆண்டுகள் நிலைத்தது. பிறகு வந்த கலங்கள் அதை எளிதில் கடந்துவிட்டன. பீபியின் எழுத்தை மட்டும் இன்னும் தேடிப் படிக்கிறார்கள். எவரும் பார்த்திராத ஓரிடத்தைப் பார்த்து, பார்த்ததைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லால் காட்டும் வேலையை அவர் மேற்கொண்டார். அந்த வேலையில் அவர் எட்டிய உயரமும் அதிலேயே அவர் சறுக்கிய இடமும் சேர்ந்ததுதான் அவருடைய வரலாறு.

பீபி 1877 ஜூலை 29 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். வளர்ந்தது நியூஜெர்சியில் ஈஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில். சிறுவயதிலேயே பறவைக்கூடு, பூச்சி, கிளிஞ்சல் என்று எதைக் கண்டாலும் குறிப்பெழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பட்டம் வாங்குமுன்பே 1899இல் படிப்பை விட்டுவிட்டு, அப்போதுதான் திறக்கப்பட்ட பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் பறவைகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில் அந்தப் பிரிவின் பொறுப்பாளரானார். 1902இல் மேரி பிளேர் ரைஸைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் மெக்சிகோவில் பறவை பார்த்து அலைந்ததிலிருந்து 1905இல் அவருடைய முதல் நூல் வந்தது. திருமணம் 1913இல் முறிந்தது. மேரி பின்னாளில் பிளேர் நைல்ஸ் என்ற பெயரில் எழுத்தாளரானார்.

பீபிக்கு அறிவியல் உலகில் நிலையான இடத்தைத் தந்தவை பேசண்ட் பறவைகள். மயிலும் காட்டுக்கோழியும் நம் வீட்டு முற்றத்துக் கோழியும் அந்தக் குடும்பத்தில் அடக்கம். அவற்றைக் காட்டிலேயே பார்த்து எழுதுவதற்காக 1909ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, இலங்கை, இமயமலைப் பகுதிகள், பர்மா, மலாயா, ஜாவா, போர்னியோ, சீனா, ஜப்பான் என்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சுற்றினார். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத காட்டுக்கோழியை அதன் காட்டிலேயே தேடிப் பார்த்தார். அந்தக் காலத்துப் பறவையியல் பெரும்பாலும் பஞ்சடைத்த தோலை மேசையில் கிடத்தி அளவெடுக்கும் கலையாக இருந்தது. பீபியும் சுட்டுச் சேகரித்தவர்தான். ஆனாலும் புதரில் ஒளிந்து, பறவை இரை கிளறுவதையும் சிறகு விரித்துப் பெட்டையைச் சுற்றுவதையும் மணிக்கணக்கில் பார்த்து எழுதியதில்தான் அவருடைய பலம் இருந்தது. முதல் உலகப் போரால் தாமதமாகி, அந்த ஆய்வு 1918 முதல் 1922 வரை நான்கு பெரும் தொகுதிகளாக வெளிவந்தது. இயற்கை எழுத்துக்கான ஜான் பரோஸ் பதக்கம் 1926இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே.

1916இல் அவர் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவின் மழைக்காட்டில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். சில ஆண்டுகளில் அது கார்ட்டபோ என்ற இடத்துக்கு மாறியது. ஊர் ஊராகப் போய்ச் சேகரிப்பதை அங்கே அவர் கைவிட்டார். கால் சதுர மைல் காட்டைக் குறித்துக்கொண்டு, அதற்குள் வாழும் அனைத்தையும், எறும்பு முதல் குரங்கு வரை, எது எதைத் தின்கிறது என்பது முதற்கொண்டு அறிய முயன்றார். இன்று சூழலியல் மாணவர்களுக்கு இது பாலபாடம், அன்று புதுமை. கயானாக் காட்டிலிருந்து அவர் எழுதிய கட்டுரை நூல்கள் அமெரிக்காவில் நன்றாக விற்றன. பட்டம் பெறாத ஒருவர் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதுவதைக் கல்வித்துறையினர் பலர் ஏற்கவில்லை. அந்த முணுமுணுப்பு கடைசிவரை அவரை விடவில்லை. ஆனால் அவருடைய கண் பொய்க்கவில்லை என்பதற்கு ஒரு சான்று இங்கேயே சொல்லத்தக்கது. பறவைகளின் மூதாதைக்குக் காலிலும் இறக்கை இருந்த ஒரு கட்டம் இருந்திருக்கும் என்று 1915இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். 2003இல் சீனாவில் கிடைத்த மைக்ரோராப்டர் புதைபடிவத்தை விவரித்தபோது, அதன் நான்கு உறுப்புகளிலும் பறப்பதற்குரிய இறகுகள் இருந்தன.

கடல் அவரை இழுத்தது 1920களில். 1923இல் கலாபகோஸ் தீவுகளுக்குப் போய் வந்து எழுதிய நூல் பெரும் வெற்றி பெற்றது. 1925இல் ஆர்க்ட்டுரஸ் என்ற நீராவிக் கப்பலில் மறுபடி போனபோது, செம்பாலான மூழ்குகவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பழகினார். கவசம் ஏறக்குறைய 60 பவுண்டு எடை. கழுத்தைச் சுற்றி இறுக்கம் எதுவும் கிடையாது. தோளில் சும்மா உட்கார்ந்திருக்கும், அடிப்பக்கம் திறந்தே இருக்கும். படகிலிருந்து கைப்பம்பால் அடிக்கும் காற்று குழாய் வழியே உள்ளே வந்து, தண்ணீரை மோவாய்க்குக் கீழே நிறுத்திவைக்கும். குனிந்தால் தண்ணீர் புகும், நிமிர்ந்தே நடக்கவேண்டும். குளியலுடையில் அப்படி நடந்து, துத்தநாகத் தகட்டில் பென்சிலால் குறிப்பெழுதினார். 1927இல் ஹைட்டியின் பவளப்பாறைகளில் இதே முறையில் பல மாதங்கள் வேலை செய்தார். அதிலிருந்து வந்த நூலில், வாசகர்கள் ஒவ்வொருவரும் எப்படியாவது ஒரு கவசத்தைத் தேடிப் பிடித்து ஒருமுறையாவது இறங்கிப் பார்க்கவேண்டும் என்று மன்றாடாத குறையாக எழுதினார். தான் பார்த்ததை மற்றவர்களும் பார்க்கவேண்டும் என்ற அந்தத் தவிப்பு அவருடைய எல்லா நூல்களிலும் உண்டு.

கவசத்தோடு சுமார் அறுபது அடிக்குக் கீழே போவது அபாயம். அதற்குக் கீழே உள்ள கடலை அறிய வலைதான் இருந்தது. 1928இல் பெர்முடா அரசு நன்சச் என்ற சிறு தீவை ஆய்வுக்காகப் பீபிக்குக் கொடுத்தது. கார்ட்டபோ காட்டில் செய்ததையே இங்கும் செய்தார். தீவுக்குத் தெற்கே எட்டு மைல் குறுக்களவில் ஒரு வட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் வெவ்வேறு ஆழங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வலை இழுத்தார். வலையில் வந்தவை செத்தும் சிதைந்தும் வந்தன. ஆழ்கடல் மீனின் உடல் கொழகொழவென்று மெலிதானது. வலையில் உரசியே செதிளும் துடுப்பும் உரிந்துவிடும். நிறம் வெளுத்துவிடும், ஒளி அணைந்துவிடும். வேகமாக நீந்தக்கூடியவை வலையைக் கண்டு விலகிவிடும். கடலுக்குள் அந்த உயிர் எப்படி மிதந்தது, எந்தப் பக்கம் ஒளிர்ந்தது, தனியாகத் திரிந்ததா கூட்டமாகவா என்ற எதற்கும் வலையில் விடை இல்லை. பறவையைப் புதரில் ஒளிந்து பார்த்தவருக்கு இந்தக் குறை பெரிதாக உறுத்தியது. தானே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

உருளை வடிவத்தில் ஒரு கலம் கட்டுவதாகப் பீபி யோசித்துக்கொண்டிருந்த செய்தி நாளேட்டில் வந்தது. அதைப் படித்த பார்ட்டன், பொறியியல் பயின்றவர், வசதியான குடும்பத்துப் பிள்ளை, உருளை தாங்காது என்று உடனே கண்டுகொண்டார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 900 மீட்டரில் நாம் தரையில் தாங்கும் அழுத்தத்தைப்போலத் தொண்ணூறு மடங்குக்கு மேல். தட்டையான பரப்பு எங்காவது இருந்தால் அங்கே உள்வாங்கி நசுங்கும். கோளத்தில் மட்டுமே சுமை எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவாகப் பரவும். முட்டையை உள்ளங்கையில் வைத்து எல்லாப் பக்கமும் சீராக அழுத்தினால் உடையாததுபோல. பார்ட்டன் தன் செலவிலேயே கோளத்தைச் செய்து தர முன்வந்தார். முதலில் வார்த்தது 5 டன் எடை வந்துவிட்டது. பீபியிடம் இருந்த பாரந்தூக்கி அதைத் தாங்காது. உருக்கி மறுபடி வார்த்தார்கள். இரண்டாவது கோளம் வெளிவிட்டம் 4 அடி 9 அங்குலம், சுவரின் கனம் ஒன்றரை அங்குலம், எடை சுமார் 5,000 பவுண்டு. ஆழத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கோளத்தோடு சேர்த்துப் பாத்திஸ்பியர் என்று பீபி பெயர் வைத்தார்.

கண்ணாடிக்குப் பதில் உருக்கிய குவார்ட்சில் 3 அங்குலக் கனத்தில் சாளரங்கள் பொருத்தப்பட்டன. குவார்ட்ஸ் அழுத்தத்தைத் தாங்கும், எல்லா நிறங்களையும் கடத்தும். வாசல் 14 அங்குல ஓட்டை. தலையை நீட்டி, வாசலைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் வயிறு உரச ஊர்ந்துதான் உள்ளே போகவேண்டும். பிறகு 400 பவுண்டு எடையுள்ள கதவைச் சங்கிலியில் தூக்கி வைத்து, பத்துப் பெரிய நட்டுகளைச் சுத்தியலால் அடித்து முறுக்குவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த ஓசை மண்டையைப் பிளக்கும். மூச்சு விட ஆக்சிஜன் உருளைகள் இரண்டு. ஆளுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கசியும்படி வால்வைத் திருப்பி வைப்பார்கள். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு தட்டில் சோடா சுண்ணாம்பு, ஈரத்தை உறிஞ்ச இன்னொரு தட்டில் கால்சியம் குளோரைடு. காற்று ஓரிடத்தில் தேங்காமல் இருக்கத் தொடக்கத்தில் மின்விசிறி கிடையாது. பனையோலை விசிறியால் வீசிக்கொண்டார்கள். உலகின் முதல் ஆழ்கடல் கலத்தில் பனையோலை விசிறி இருந்தது என்பதை மறக்க முடியாது.

கோளம் தொங்கியது 3,500 அடி நீள உருக்குக் கம்பிவடத்தில். கனம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு என்று சரியாகச் சொன்னால்தான் அந்தத் துணிச்சல் விளங்கும்: கட்டைவிரல் பருமன் கம்பி ஒன்றில் இரண்டு உயிர். தொலைபேசிக் கம்பியும் விளக்குக்கான மின்கம்பியும் ஒரு ரப்பர் குழாயில் தனியே வந்தன. ரெடி என்ற பழைய கப்பலின் உடல்தான் மேடை. அதைக் கிளாடிஸ்ஃபென் என்ற இழுவைப் படகு இழுத்துப் போனது.

1930 ஜூன் 6 அன்று பீபியும் பார்ட்டனும் முதன்முதலாக இறங்கினார்கள். 300 அடியில் கதவின் அடியிலிருந்து மெல்லிய நீர்க்கோடு ஒன்று வழிவதைப் பார்ட்டன் கண்டார். மேலே தூக்கச் சொல்வதுதான் யாருக்கும் தோன்றும். பீபி இன்னும் வேகமாக இறக்கச் சொன்னார். ஆழம் கூடக்கூட வெளி அழுத்தம் கதவை மேலும் இறுக்கி மூடும் என்பது அவருடைய கணக்கு. கசிவு கூடவில்லை. சற்று நேரத்தில் மின்பொத்தான் ஒன்று தீப்பொறி கக்கி அணைந்தது. 803 அடி வந்ததும், காரணம் சொல்லத் தெரியாத ஓர் உள்ளுணர்வில், போதும் என்று நிறுத்தினார். அதுவரை உயிருள்ள மனிதன் கடலில் இறங்கியிருந்த எந்த ஆழத்தையும்விட அது அதிகம். ஐந்து நாள் கழித்து, ஜூன் 11 அன்று, 1,426 அடி போனார்கள்.

இந்த இறக்கங்களில் தொலைபேசிக்கு இருந்த இடம் தனியானது. கோளத்துக்குள் பீபி சாளரத்தில் கண்ணைப் பதித்தபடி ஓயாமல் பேசுவார். மேலே தளத்தில் குளோரியா ஹாலிஸ்டர், காதில் கருவியும் மடியில் நோட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆழமும் நேரமும் குறித்து எழுதுவார். அவரும் விலங்கியல் பயின்றவர். பீபி பாதியில் விட்ட பெயரைப் புரிந்துகொள்ளக்கூடியவர், சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர். பார்க்க எதுவும் இல்லாதபோதும் பேச்சு நிற்கக் கூடாது என்பது விதி. சில நொடி மௌனம் நீடித்தாலும் மேலே இருப்பவர்கள் பதறிவிடுவார்கள். 1930இல் ஒருமுறை ஆழத்தில் தொலைபேசி அறுந்துபோனது. குரல் நின்ற கணத்தில் தாங்கள் கடலில் கதியற்று மிதக்கும் நுண்ணுயிர்களோடு ஒன்றாகிவிட்டதாகப் பீபி உணர்ந்தார். கம்பிவடம் அவர்களை இன்னும் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. மனத்தைத் தாங்கியது பேச்சுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஹாலிஸ்டர் எழுதுவதோடு நிற்கவில்லை. அந்த ஜூன் 11 அவருடைய பிறந்தநாள். அன்று அவரும் இறங்கி 410 அடி போனார். 1934இல் 1,208 அடி தொட்டார். அதே ஆண்டு குழுவின் இன்னொரு விலங்கியலாளரான ஜாஸ்லின் கிரேன் 1,150 அடி இறங்கினார். ஆராய்ச்சிக் கப்பல்களில் பெண்களை ஏற்றாத காலம் அது.

கோளத்திலிருந்து பீபி எழுதியவற்றில் மிகச் சிறந்தவை மீன்களைப் பற்றியவை என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் ஒளியைப் பற்றி அவர் எழுதியவைதான் அவற்றுக்கும் மேலே நிற்கின்றன. சூரிய ஒளியின் நிறங்களைக் கடல்நீர் ஒரே சீராக விழுங்குவதில்லை. சிவப்பு முதலில் போகும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. நீலம்தான் மிக ஆழம் வரை இறங்கும். நிறமாலைமானியைச் சாளரத்தில் வைத்துப் பீபி இதை அடி அடியாகக் குறித்தார். கூடவே எடுத்துப்போன செக்கச்செவேலென்ற ஆழ்கடல் இறால், சில நூறு அடிக்குள்ளேயே மைபோலக் கறுத்துவிட்டதைக் கண்டு வியந்தார். ஆழ்கடலில் வாழும் இறால்கள் ஏன் சிவப்பாக இருக்கின்றன என்பதற்கு விடை இதுவே: பிரதிபலிக்கச் சிவப்பொளி அங்கே இல்லை, ஆகவே சிவந்த உடல் இருளில் கரைந்துவிடுகிறது.

800 அடியில் வெளியே தெரிந்த நீலத்துக்கு அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. ஊதா என்றால் ஊதா இல்லை. கறுப்பு என்றாலும் இல்லை. கண்ணை நிரப்பிப் பிரகாசிப்பதாகவே தோன்றியது. ஆனால் கையிலிருந்த புத்தகத்தைச் சாளரத்தருகே பிடித்தால் எழுத்து தெரியவில்லை; வண்ணப்படம் உள்ள பக்கத்தையும் வெற்றுப் பக்கத்தையும் பிரித்தறிய முடியவில்லை. பிரகாசம் என்று மூளை சொல்கிறது, இருட்டு என்று புத்தகம் சொல்கிறது. இரண்டையும் அப்படியே எழுதி வைத்தார். கண் இருளுக்குப் பழகும்போது நிகழும் மயக்கத்தைக் களத்திலேயே இவ்வளவு நேர்மையாகப் பதிந்த குறிப்பு அரிது. 1,700 அடிக்கும் 2,000 அடிக்கும் இடையில் கடைசிச் சாம்பல் நிறமும் மறைந்தது. அதற்குக் கீழே அங்கே வாழும் உயிர்களின் ஒளி மட்டுமே.

அந்த ஒளி அவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. வலையில் ஒன்றிரண்டாய் வந்த விளக்கு மீன்களும் வெள்ளிக்காசு போன்ற கோடரி மீன்களும் சாளரத்தின் முன்னால் கூட்டம் கூட்டமாகக் கடந்தன. சில நேரம் சாளரத்தருகே ஏதோ வெடித்ததுபோல ஒளி சிதறும். பீபி அனிச்சையாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். வெடிப்பது எது என்று நெடுநாள் புரியவில்லை. 1934இல்தான் பிடிபட்டது: இறால் ஒன்று ஆபத்தை உணர்ந்ததும் ஒளிரும் திரவத்தை மேகமாகக் கக்கி, எதிரி அதில் திகைத்து நிற்கும்போது நழுவிவிடுகிறது. கணவாய் மை கக்குவது வெளிச்சத்தில். இறால் ஒளியைக் கக்குவது இருட்டில்.

1932இல் புதிய சாளரம் ஒன்றைப் பொருத்திவிட்டு, ஆளில்லாமல் கோளத்தை 3,000 அடிக்கு இறக்கிச் சோதித்தார்கள். மேலே வந்தபோது எடை வழக்கத்துக்கு மாறாக இருந்தது. சாளரத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர். கதவின் நடு போல்ட்டைப் பீபி மெல்லத் திருகத் தொடங்கியதும் வினோதமான கீச்சொலியோடு நீராவிபோல் ஒரு சாரல் பீறிட்டது. எல்லோரையும் விலகச் சொன்னார். அடுத்த சில திருகில் அந்தக் கனத்த போல்ட் அவர் கையிலிருந்து பறிபோய், தளத்தின் குறுக்கே பீரங்கிக் குண்டாகப் பாய்ந்து, முப்பது அடி தள்ளி இருந்த பாரந்தூக்கியின் உருக்கில் பள்ளம் பறித்தது. அதன் பின்னால் நீர்த்தூண் ஒன்று சீறியது. ஆழத்தின் அழுத்தத்தைக் கோளம் அப்படியே அடைத்து மேலே கொண்டுவந்திருந்தது. உள்ளே ஆள் இருந்திருந்தால் மூழ்கிச் சாகும் அவகாசம்கூடக் கிடைத்திருக்காது. கதவையும் சாளரத்தையும் சரிசெய்துகொண்டு, செப்டம்பர் 22 அன்று கொந்தளிக்கும் கடலில் அவரும் பார்ட்டனும் அதே கோளத்தில் 2,200 அடி இறங்கினார்கள். பீபி தொலைபேசியில் பேசியதை என்.பி.சி. வானொலி அமெரிக்க வீடுகளுக்கு நேரடியாக ஒலிபரப்பியது, பிரிட்டனில் பி.பி.சி. எடுத்துச் சென்றது.

1934 இறக்கங்களுக்கு நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கம் பண உதவி செய்தது. ஆகஸ்ட் 11 அன்று 2,510 அடி. நான்கு நாள் கழித்து 3,028 அடி. கோளத்தின் மேல் மொத்தச் சுமை ஏறக்குறைய 7,000 டன், ஒவ்வொரு சாளரத்தின் மேலும் 19 டன். இன்னும் இறக்கலாமா என்று கேட்டபோது, சுருளில் கம்பிவடம் சில சுற்றுகளே மிச்சம் என்று மேலிருந்து பதில் வந்தது. சில நிமிடங்கள் அங்கே தங்கிவிட்டு மேலே வந்தார்கள்.

கண்ட உயிர்களைப் படமாக்கியவர் எல்ஸே போஸ்டெல்மன் என்ற ஓவியர். படமெடுக்கப் போதிய வெளிச்சமோ வேகமான ஃபிலிமோ இல்லாத நிலையில் அவருடைய தூரிகைதான் கேமரா. பீபி மேலே வந்ததும் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். உடல் இவ்வளவு நீளம், விளக்கு வரிசை இங்கே, கண் இன்னும் கொஞ்சம் பெரிது என்று பீபி சொல்லச் சொல்ல, அவர் வரைந்து அழித்து மறுபடி வரைவார். கோளத்தில் அவர் இறங்கவில்லை. ஆனால் செம்புக் கவசம் மாட்டிக்கொண்டு கடலடியில் நின்று எண்ணெய் வண்ணத்தால் தீட்டிப் பழகியவர். தண்ணீருக்குள் நிறம் எப்படி மாறும் என்பதைத் தானே கண்டவர். கரிய பின்னணியில் பல்லும் ஒளியுமாக அவர் தீட்டிய மீன்கள் 1930களில் பத்திரிகை வாசகர்களின் மனத்தில் ஆழ்கடலாகவே பதிந்தன.

சறுக்கலும் இங்கேதான். கண்டவற்றில் சிலவற்றுக்குப் பீபி அறிவியல் பெயரே சூட்டிவிட்டார். 1932இல் 2,100 அடியில் கடந்துபோன, ஆறடிக்குக் குறையாத இரண்டு மீன்களுக்கு பாத்திஸ்பேரா இன்டாக்டா என்று பெயர். பக்கவாட்டில் வெளிர்நீல விளக்குகள் ஒரே வரிசை. கீழே தொங்கும் இரண்டு நீண்ட இழைகள் ஒவ்வொன்றின் நுனியிலும் மேலே சிவப்பும் கீழே நீலமும் ஒளிர்ந்தன. 1934இல் இன்னும் மூன்று. அவற்றில் ஒன்று வட்ட உடலில் ஐந்து ஒளிக்கோடுகள் கொண்ட மீன். இன்னொன்று தலைமேல் மூன்று விளக்குத் தூண்டில்கள் உள்ளது. விலங்கியலில் புது இனத்துக்குப் பெயரிடுபவர் மாதிரி உடல் ஒன்றை அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டும். ஐயம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கவும் அளக்கவும் அதுதான் வழி. பீபியிடம் இருந்தது சில நொடிக் காட்சியும் ஹாலிஸ்டரின் நோட்டும் மட்டுமே. மீனியலாளர் கார்ல் ஹப்ஸ் மதிப்புரையில் கடுமையாகவே எழுதினார். சாளரத்தில் மூச்சுபட்டுப் படிந்த ஆவிப்படலத்தின் வழியே ஒளிரும் ஜெல்லி உயிர் ஏதாவது தெரிந்திருக்கலாம் என்பது அவருடைய ஐயம். அந்த நான்கு மீன்களையும் இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை. ஆழ்கடல் கேமராக்களிலும் அவை சிக்கவில்லை.

ஹப்ஸ் எழுப்பிய கேள்வி நியாயமானது, பெயரிட்டது பீபியின் பிழை. பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. 1934 ஆகஸ்ட் 11 அன்று 2,450 அடியில் இருபது அடிக்குக் குறையாத பெரிய உருவம் ஒன்று வெளிச்சத்தின் ஓரத்தில் கடந்தது. கண்ணோ துடுப்போ தெரியவில்லை. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. என்னவென்று அறியேன் என்றே எழுதினார். கதைகட்ட விரும்பியவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமைந்திருக்காது. அவர் கண்டதாகச் சொன்ன மற்றவை, விளக்கு மீன்களின் அடர்த்தியும் ஒளி கக்கும் இறாலும் தனித்தனி ஆழங்களில் தனித்தனி உயிர்க்கூட்டங்கள் இருப்பதும், பின்வந்தவர்களால் உறுதியாயின.

இவை எல்லாம் 1934இல் அரை மைல் கீழே என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. அலெக்சாந்தர் கண்ணாடிக் கூட்டில் கடலுக்குள் இறங்கியதாகச் சொல்லப்படும் பழங்கதையிலிருந்து தொடங்கி, மனிதன் மூழ்கப் பட்ட பாட்டையெல்லாம் முதலில் சொல்லிவிட்டு, கோளத்தின் கட்டுமானம், ஒவ்வொரு இறக்கம் என்று அந்நூல் போகிறது. பின்னிணைப்பில் தொலைபேசிக் குறிப்புகளின் பகுதிகள், ஆழவாரியாக. அந்தக் கணத்தின் பரபரப்பும் ஆற அமர எழுதிய விவரிப்பும் ஒரே அட்டைக்குள் கிடைப்பதால், நினைவு எங்கே மெருகேற்றியது, எங்கே அப்படியே விட்டது என்பதை வாசகரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அறிவியல் எழுத்தில் இது பெரிய நேர்மை. பின்னாளில் ஆழ்கடல் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற சில்வியா ஏர்ல் சிறுவயதில் தன்னைக் கடலுக்கு இழுத்ததாகக் குறிப்பிடுவது பீபியின் எழுத்தைத்தான்.

பீபி பிறகு கோளத்தில் இறங்கவில்லை. கண்டுபிடிப்பில் தன் பங்கு மறைக்கப்பட்டதாகப் பார்ட்டனுக்கு மனக்குறை இருந்தது. கோளத்தை வடிவமைக்க வைத்துப் பணம் போட்டவர் அவர் என்பதைப் பார்த்தால் அது அடிப்படையற்றதும் அல்ல. 1949இல் அவர் தனியாகவே பெந்தோஸ்கோப் என்ற புதிய கோளத்தில், கலிபோர்னியா கடலில் 4,500 அடி இறங்கிப் பழைய சாதனையைத் தாண்டினார். ஆனால் கம்பிவடத்தில் தொங்கும் கலத்தின் எல்லை அதுவே. வடம் நீள நீள அதன் எடையே அதை அறுக்கும். மேலே கப்பல் அலையில் எழுந்து விழும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு கோளம் வரை போகும். சுவிட்சர்லாந்தின் ஆகஸ்ட் பிக்கார்டு வடத்தையே நீக்கி, பெட்ரோல் நிரப்பிய மிதவையின் அடியில் கோளத்தைத் தொங்கவிட்டார். அந்த வகைக் கலமான திரியெஸ்த்தில் 1960இல் அவர் மகன் ஜாக்கும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடிவரை, ஏறக்குறைய 10,900 மீட்டர் இறங்கினார்கள். பீபியின் கோளம் நியூயார்க்கின் கோனி தீவிலுள்ள மீன்காட்சியகத்தில் இருக்கிறது.

1944இல் பீபி இயற்கையாளர்களின் எழுத்துகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அது அரிஸ்டாட்டிலில் தொடங்கி, அப்போது அதிகம் அறியப்படாத ரேச்சல் கார்சனில் முடிந்தது. கடலைப் பற்றி எழுதுபவர் ஒருமுறையாவது அதற்குள் தலையை நனைக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால் 1949இல் கார்சன் ஃபுளோரிடாவில் மூழ்குகவசத்தோடு இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் அவருடைய கடல் நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

அதே காலத்தில் பீபி டிரினிடாட் தீவின் அரிமா பள்ளத்தாக்கில் சிம்லா என்ற பெயருள்ள வீட்டை வாங்கி, அதைத் தன் கடைசி ஆய்வு நிலையமாக்கினார். 1952இல் ஓய்வு பெற்றும் வேலையை விடவில்லை. முதுமையில் நடை தளர்ந்தபோதும் தோட்டத்துப் பூச்சிகளைக் குறித்துக்கொண்டிருந்தார். 1962 ஜூன் 4 அன்று அங்கேயே காலமானார். நிலையத்தைத் தொடர்ந்து நடத்தியவர் ஜாஸ்லின் கிரேன். நண்டுகளில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிச் சைகை காட்டும் வகையைப் பற்றி அவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய பெருநூல் 1975இல் வெளிவந்தது. உயிருள்ள நண்டின் முன்னால் கடற்கரைச் சேற்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதியது அது.